ரூட் கெனால் செய்த பல் ஆறிடுச்சா? வலி சொல்லாததை எக்ஸ்ரே சொல்லும்

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். விழிஞ்ஞம் துறைமுகத்தில் வேலை கிடைத்து நாகர்கோவிலில் இருந்து வந்திருக்கும் ஒரு இன்ஜினியர். வயது 29. கீழ்க் கடைவாய்ப் பல்லில் பழைய சொத்தை. ஈறில் சின்னதாக ஒரு கொப்புளம் வருகிறது, உடைகிறது, மறுபடி வருகிறது. கடித்தால் வலி. பக்கத்தில் கோவளத்தில் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். வேரின் நுனியைச் சுற்றி பட்டாணி அளவில் ஒரு கருப்பு வட்டம். ரூட் கெனால் செய்கிறார்கள். இரண்டு சிட்டிங்கில் முடிகிறது. வலி போச்சு, கொப்புளமும் போச்சு. "அடுத்த வாரம் கேப் போட வாங்க" என்கிறார் டாக்டர். வேலை நெருக்கடியில் அடுத்த வாரம் அடுத்த மாதமாகிறது. பிறகு மறந்தே போகிறது.

இவருடைய பல் ஆறிவிட்டதா?

"அதான் வலி இல்லையே, அப்புறம் என்ன?" என்பதுதான் நம்மில் பலருடைய பதில். ஆனால் பல் மருத்துவ ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளியான ஒரு ஆய்வின்படி, ரூட் கெனால் செய்யப்பட்ட பற்களில் சுமார் 39 சதவீதத்தில் வேர் நுனியைச் சுற்றி எலும்பு பாதிப்பு எக்ஸ்ரேயில் தெரிந்தது. ரூட் கெனால் செய்யாத பற்களில் அது சுமார் 3 சதவீதம்தான்.

இதை வைத்து "39 சதவீத ரூட் கெனால் தோல்வி" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அந்தப் பற்களில் பாதிப்பு இருந்ததால்தான் ரூட் கெனாலே செய்திருப்பார்கள். சில பற்கள் ஆறிக்கொண்டிருக்கும் வழியில் படம் பிடிக்கப்பட்டிருக்கலாம். ஆனாலும் ஒரு விஷயம் தெளிவு: வலி இல்லாமலேயே வேர் நுனியில் நோய் தங்கியிருக்க முடியும். அது தங்குமா, ஆறுமா என்பதை முடிவு செய்வதில் ரூட் கெனால் எவ்வளவு நன்றாகச் சுத்தம் செய்து அடைக்கப்பட்டது என்பதற்குப் பெரிய பங்கு இருக்கிறது.

வேர் நுனியில் என்னதான் நடக்கிறது?

பல்லின் நடுவே மெல்லிய குழாய் போன்ற ஒரு பாதை உண்டு. அதற்குள் நரம்பும் ரத்தக் குழாய்களும் சேர்ந்த மென்மையான திசு இருக்கும். பேச்சு வழக்கில் நாம் 'நரம்பு' என்று மட்டும் சொல்வது இதைத்தான். சொத்தை ஆழமாகப் போனால் கிருமிகள் இந்தத் திசுவுக்குள் நுழைகின்றன. திசு செத்துப்போகிறது. செத்த இடத்துக்கு ரத்த ஓட்டம் கிடையாது. அதனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் அங்கே போக முடியாது. கிருமிகளுக்கு அது பாதுகாப்பான வீடு.

அந்த வீட்டிலிருந்து கிருமிகளும் அவற்றின் நச்சும் வேர் நுனியில் உள்ள சின்னத் துளை வழியாகத் தாடை எலும்புக்குள் கசிகின்றன. உடம்பு அந்த இடத்தில் ஒரு தற்காப்பு அரண் அமைக்கிறது. அந்தச் சண்டையில் அங்கிருக்கும் எலும்பு கரைகிறது. எக்ஸ்ரேயில் தெரியும் கருப்பு வட்டம், எலும்பு கரைந்த அந்த இடம்தான்.

கிருமிதான் முக்கியக் காரணம் என்பதை உறுதிப்படுத்திய சோதனை 1965இல் அமெரிக்காவில் நடந்தது. ககேஹாஷி என்பவரும் அவருடைய சகாக்களும் எலிகளின் பற்களில் துளையிட்டு உள்திசுவைத் திறந்துவிட்டார்கள். சாதாரண எலிகளில் திசு செத்து சீழ் கட்டியது. கிருமியே இல்லாத சூழலில் வளர்க்கப்பட்ட எலிகளில், அதே காயம் தானாக ஆறி மூடிக்கொண்டது.

மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டால் இது ஏன் சரியாகாது என்பதும் இங்கேயே புரிந்துவிடும். மாத்திரை ரத்தம் வழியாகத்தான் பயணிக்கும். செத்த பல்லுக்குள் ரத்தம் போவதில்லை. வீக்கம் கொஞ்ச நாள் அடங்கும். கிருமியின் வீடு அப்படியே இருக்கும்.

ரூட் கெனால்: காலி செய், கழுவு, அடை

சிகிச்சையை மூன்று வேலையாகப் பிரிக்கலாம். மெல்லிய ஊசி போன்ற ஃபைல்களால் உள்ளே இருப்பதை எடுத்துப் பாதையைச் சீர்படுத்துவது முதல் வேலை. சோடியம் ஹைப்போகுளோரைட் போன்ற கிருமிநாசினித் திரவத்தால் கழுவுவது இரண்டாவது. கழுவிய பாதையை அடைப்பது மூன்றாவது.

அடைக்கப் பயன்படும் பொருளின் பெயர் கட்டா பெர்ச்சா. தென்கிழக்கு ஆசிய மரம் ஒன்றின் பாலில் இருந்து கிடைப்பது. தண்ணீர் புகாத பொருள் என்பதால் 19ஆம் நூற்றாண்டில் கடலுக்கு அடியில் போட்ட தந்திக் கேபிள்களுக்கு உறையாக இருந்ததும் இதுதான். பல்லிலும் அதற்கு அதே வேலை: உள்ளே எதுவும் கசியக் கூடாது. கட்டா பெர்ச்சாவுக்கும் பல்லின் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியை சீலர் என்ற பசை நிரப்பும்.

இந்த அடைப்பு மிச்சமிருக்கும் கிருமிகளைச் சிறை வைக்கிறது, அவற்றுக்கு உணவு போவதைத் தடுக்கிறது, வாயிலிருந்து புதுக் கிருமிகள் இறங்காமல் பார்த்துக்கொள்கிறது. மற்றதை உடம்பு பார்த்துக்கொள்ளும். கரைந்த எலும்பு மெல்ல மெல்லத் திரும்ப வளரும்.

'நல்ல ஃபில்லிங்' என்றால் என்ன?

எக்ஸ்ரேயில் கட்டா பெர்ச்சா வெள்ளைக் கோடாகத் தெரியும். டாக்டர்கள் அதில் முக்கியமாக இரண்டைப் பார்க்கிறார்கள்.

ஒன்று, நீளம். வெள்ளைக் கோடு வேரின் நுனிக்கு 2 மில்லிமீட்டருக்குள் வந்து நிற்க வேண்டும். அதற்கு முன்பே நின்றால், சுத்தம் செய்யாத பகுதி அடியில் மிச்சம் இருக்க வாய்ப்பு அதிகம். நுனியைத் தாண்டி வெளியே போனால் அதுவும் நல்லதில்லை.

இரண்டு, அடர்த்தி. கோடு நடுவில் விட்டுப்போகாமல், ஓரங்களில் கருப்பு இடைவெளி இல்லாமல், ஒரே சீராக இருக்க வேண்டும்.

இந்த 2 மில்லிமீட்டர் கணக்கு எவ்வளவு முக்கியம்? ஸ்வீடனின் உமியோ பல்கலைக்கழகத்தில் சிகிச்சை பெற்ற 356 பேரை 8 முதல் 10 ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்த ஆய்வு 1990இல் வெளியானது. ஏற்கெனவே வேர் நுனியில் பாதிப்பு இருந்த, உள்திசு செத்த பற்களில் கிடைத்த முடிவு இது:

• நுனிக்கு 2 மி.மீ.க்குள் ஃபில்லிங் முடிந்த பற்கள்: 94 சதவீதம் ஆறின.
• நுனியைத் தாண்டி வெளியே போனவை: 76 சதவீதம்.
• 2 மி.மீ.க்கும் மேல் குறைவாக நின்றவை: 68 சதவீதம்.

ஒரு அரிசி மணியின் தடிமன் அளவு வித்தியாசம், நூற்றுக்கு 26 பற்களின் விதியை மாற்றுகிறது.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. சிகிச்சைக்கு முன் வேர் நுனியில் பாதிப்பே இல்லாத பற்களில் வெற்றி 96 சதவீதத்துக்கும் மேல். பாதிப்பு வந்த பிறகு செய்தவற்றில் 86 சதவீதம். பாதிப்போடு இருந்து, பழைய ரூட் கெனாலைப் பிரித்து மறுபடி செய்தவற்றில் 62 சதவீதம். ஆக, தள்ளிப்போடத் தள்ளிப்போட வாய்ப்பு குறைகிறது. முதல் தடவையே ஒழுங்காகச் செய்வதுதான் லாபம்.

ஃபில்லிங் முக்கியமா, கேப் முக்கியமா?

1995இல் அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரே, ட்ரோப் இருவரும் ரூட் கெனால் செய்த 1,010 பற்களின் எக்ஸ்ரேக்களை ஆராய்ந்தார்கள். வேருக்குள் இருக்கும் ஃபில்லிங், மேலே இருக்கும் அடைப்பு அல்லது கேப் என இரண்டையும் 'நல்லது', 'மோசம்' என்று பிரித்தார்கள். வேர் நுனியில் பாதிப்பு இல்லாத பற்களின் சதவீதம் இப்படி வந்தது:

• உள்ளே நல்லது, மேலே நல்லது: 91.4
• உள்ளே மோசம், மேலே நல்லது: 67.6
• உள்ளே நல்லது, மேலே மோசம்: 44.1
• உள்ளே மோசம், மேலே மோசம்: 18.1

நடுவில் உள்ள இரண்டு வரிகள்தான் பல் மருத்துவ உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தன. உள்ளே எவ்வளவு அருமையாக அடைத்திருந்தாலும், மேலே ஓட்டை இருந்தால் போச்சு என்பதுபோல் இருந்தது முடிவு.

ஐந்து வருடம் கழித்து, 2000இல், நார்வேயின் ஆஸ்லோவில் 1,001 பற்களை வைத்து அதே கேள்வியைக் கேட்டார்கள். அங்கே வரிசை மாறியது. இரண்டும் நல்லது என்றால் 81 சதவீதம். உள்ளே நல்லது, மேலே மோசம் என்றால் 71. உள்ளே மோசம் என்றால், மேலே எப்படி இருந்தாலும் 56, 57தான்.

யார் சொல்வது சரி? 2011இல் இப்படிப்பட்ட ஆய்வுகளைச் சேர்த்து அலசிய ஒரு தொகுப்பாய்வு, இரண்டில் எது மோசமாக இருந்தாலும் ஆறும் வாய்ப்பு ஏறக்குறைய ஒரே அளவில் குறைகிறது என்றது. இரண்டும் நன்றாக இருந்தால்தான் வாய்ப்பு கூடுகிறது.

எக்ஸ்ரே சொல்லாத விஷயங்கள்

இந்த எண்களைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை வேண்டும். ரே–ட்ரோப் ஆய்வும் ஆஸ்லோ ஆய்வும் ஒரே ஒரு நேரத்தில் எடுத்த படத்தைப் பார்த்தவை. படத்தில் உள்ள கருப்பு வட்டம் வளர்கிறதா, சுருங்குகிறதா என்று அந்த ஒரு படத்தால் சொல்ல முடியாது.

இன்னொன்று, எக்ஸ்ரேயில் கிருமி தெரியாது. வெள்ளைக் கோடு அழகாக இருப்பது, அதற்கு முன் பாதை நன்றாகக் கழுவப்பட்டிருக்கும் என்பதற்கான ஒரு அறிகுறி மட்டுமே. பொறுமையாக நுனி வரை அடைக்கிற டாக்டர், பெரும்பாலும் பொறுமையாகச் சுத்தமும் செய்திருப்பார். ஆனால் அழுக்கை உள்ளே விட்டுவிட்டு மேலே அழகாக அடைத்தாலும் படத்தில் அது அழகாகத்தான் தெரியும்.

1997இல் வெளியான மற்றொரு ஸ்வீடன் ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. வேர் நுனியில் பாதிப்பு இருந்த 55 பற்களில், அடைப்பதற்குச் சற்று முன் உள்ளே கிருமி இருக்கிறதா என்று மாதிரி எடுத்துப் பார்த்துவிட்டு அடைத்தார்கள். கிருமி தென்படாத பற்களில் 94 சதவீதம் ஆறின. கிருமி இருந்த பற்களில் 68 சதவீதம்.

மூன்றாவது, விட்டுப்போன பாதைகள். மேல்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லுக்கு மூன்று வேர்கள். ஆனால் அவற்றில் ஒரு வேருக்குள் இரண்டாவதாக ஒரு மெல்லிய பாதை பாதிக்கும் மேற்பட்ட பற்களில் இருக்கும். அது கண்ணில் படாமல் போனால், மற்ற மூன்றையும் எவ்வளவு நன்றாக அடைத்தாலும் கிருமிக்கு ஒரு அறை மிச்சம். இதற்காகத்தான் பல டாக்டர்கள் மைக்ரோஸ்கோப் வைத்துப் பார்க்கிறார்கள். சந்தேகம் இருந்தால் முப்பரிமாணப் படம் தரும் சிபிசிடி ஸ்கேன் கேட்கிறார்கள்.

எத்தனை நாளில் ஆறும்?

வலி சில நாளில் போய்விடும். எலும்பு அவ்வளவு வேகமாக வளராது. ஆறத் தொடங்கிய அறிகுறி பெரும்பாலான பற்களில் ஒரு வருடத்துக்குள் எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். முழுதாக நிரம்ப இன்னும் சில வருடங்கள்கூட ஆகலாம். ஐரோப்பிய எண்டோடாண்டிக் சங்கத்தின் 2006 வழிகாட்டுதல், குறைந்தது ஒரு வருடம் கழித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்கிறது. முழுதாக ஆறாமல் இருந்தால் நான்கு வருடம் வரை தொடர்ந்து கவனிக்கச் சொல்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்கவும் ஒரு அளவுகோல் இருக்கிறது. 1986இல் நார்வேயில் உருவான இந்த முறையில் வேர் நுனியின் நிலைக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண். 1 என்றால் ஆரோக்கியம். 5 என்றால் தீவிர பாதிப்பு. இரண்டு படங்களுக்கு நடுவே எண் குறைகிறதா, கூடுகிறதா என்பதே கேள்வி. ஆக, சிகிச்சை முடிந்த நாளில் எடுத்த எக்ஸ்ரே உங்களிடம் இல்லையென்றால், ஒப்பிட அடிப்படையே இல்லை.

விழிஞ்ஞம், கோவளம் மாதிரி இடங்களில் இது இன்னும் முக்கியமாகிறது. வேலை முடிந்தால் ஊர் மாறும் ஊழியர்கள், விடுமுறைக்கு வந்து போகிறவர்கள், அடுத்த கப்பலில் ஏறிவிடும் மாலுமிகள் என்று நகர்ந்துகொண்டே இருக்கும் கூட்டம் இங்கே அதிகம். ஒரு வருடம் கழித்து அதே நாற்காலியில் வந்து உட்கார பலரால் முடியாது. டாக்டர் மாறலாம், தப்பில்லை. படங்கள் உங்கள் கையோடு வர வேண்டும்.

சுகர் இருந்தால்?

ஃபில்லிங் நன்றாக இருந்தாலும் ஆற வேண்டியது உடம்பு. ஹரியானாவின் ரோத்தக் அரசு பல் மருத்துவ உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வு ஒன்று 2017இல் வெளியானது. அங்கே ரூட் கெனால் செய்து 12 மாதம் கழித்துப் பார்த்தபோது, சர்க்கரை நோய் இல்லாதவர்களில் 80 சதவீதப் பற்களில் வேர் நுனி ஆறியிருந்தது. டைப் 2 சர்க்கரை நோய் உள்ளவர்களில் 43 சதவீதம்தான். சின்ன அளவில் நடந்த ஆய்வுதான். ஆனாலும் சர்க்கரை நோய் இவ்வளவு பரவலாக உள்ள நாட்டில் இதை ஒதுக்கிவிட முடியாது. சுகர் இருந்தால் முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஒரு வருட எக்ஸ்ரேயைத் தவறவே விடாதீர்கள்.

ஆறவில்லை என்றால் பல்லைப் பிடுங்கணுமா?

அவசியமில்லை. பழைய ஃபில்லிங்கை எடுத்துவிட்டு மறுபடி சுத்தம் செய்து அடைக்கலாம். லண்டனில் நடந்து 2011இல் வெளியான பெரிய ஆய்வில், முதல் முறை செய்த ரூட் கெனாலில் 83 சதவீதமும், மறுபடி செய்ததில் 80 சதவீதமும் ஆறின. அந்த ஆய்விலும் முன்பு பார்த்த அதே விஷயங்கள் முக்கியம் என்று தெரிந்தது: சிகிச்சைக்கு முன் பாதிப்பு இல்லாதது, ஃபில்லிங் நுனி வரை போயிருப்பது, மேலே நல்ல அடைப்பு இருப்பது. மறுசிகிச்சையும் பலிக்காவிட்டால், ஈறைத் திறந்து வேர் நுனியை மட்டும் வெட்டி எடுக்கும் சின்ன அறுவைச் சிகிச்சை இருக்கிறது. பிடுங்குவது கடைசி வழி.

கேப் போடாமல் விடுவதில் வேறொரு ஆபத்தும் உண்டு. அமெரிக்காவின் ஐயோவாவில் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், கேப் போட்ட பற்களைவிட கேப் போடாத ரூட் கெனால் பற்கள் ஆறு மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டன. உள்ளே குடைந்த பல் பலவீனமானது. ஒரு முறுக்கைக் கடித்தால்கூட பிளக்கலாம். வேர் வரை பிளந்தால் பிறகு எந்த ஃபில்லிங்கும் காப்பாற்றாது.

டாக்டரிடம் கேட்க ஆறு கேள்விகள்

• ரப்பர் டேம் போட்டுத்தான் செய்வீர்களா? (பல்லைச் சுற்றிப் போடும் ரப்பர் விரிப்பு. எச்சில் வழியாகக் கிருமி உள்ளே போகாமல் தடுக்கும்.)
• என் பல்லில் எத்தனை பாதை? எல்லாம் கிடைத்ததா?
• ஃபில்லிங் முடிந்த பிறகு எடுத்த எக்ஸ்ரேயைக் காட்ட முடியுமா? வெள்ளைக் கோடு நுனி வரை போயிருக்கிறதா?
• அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவீர்களா?
• தற்காலிக அடைப்பை எப்போது மாற்றி நிரந்தர அடைப்பும் கேப்பும் போட வேண்டும்?
• ஒரு வருடம் கழித்து எந்தத் தேதியில் வரட்டும்?

"ஒரே சிட்டிங்கில் முடிச்சிடுவோம்" என்ற விளம்பரத்தைப் பார்த்து பயப்படவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். ஒரே தடவையில் செய்தாலும் பல தடவையில் செய்தாலும் ஆறுவதில் பெரிய வித்தியாசம் இல்லை என்றே ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அமைப்பின் அறிக்கை சொல்கிறது. எத்தனை சிட்டிங் என்பதைவிட, உள்ளே எவ்வளவு சுத்தம் என்பதே கேள்வி.

சிக்கலான பல் என்றால், பி.டி.எஸ். முடித்து இந்தத் துறையிலேயே எம்.டி.எஸ். படித்த எண்டோடாண்டிஸ்ட்டைப் பார்ப்பது நல்லது. செலவு கவலை என்றால் அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது. விழிஞ்ஞத்தில் இருப்பவர்களுக்குத் திருவனந்தபுரம் அரசு பல் மருத்துவக் கல்லூரி பக்கம். சென்னையில் இருப்பவர்களுக்குத் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. முகமோ கழுத்தோ வீங்கி, காய்ச்சல் வந்து, வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமாக இருந்தால், அப்பாயின்ட்மென்ட் எல்லாம் வேண்டாம். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நம் இன்ஜினியர் என்ன செய்யலாம்?

அவர் பல்லில் இப்போது வலி இல்லை. உள்ளே ஃபில்லிங் நன்றாகவே இருக்கலாம். ஆனால் மேலே இருப்பது சில வாரம் தாங்குவதற்காகப் போட்ட தற்காலிக அடைப்பு. அது தேய்ந்து கசியத் தொடங்கினால், கழுவி வைத்த பாதைக்குள் எச்சிலும் கிருமியும் மறுபடி இறங்கும். வலி எதுவும் சொல்லாது. ஒரு நாள் ஈறில் அதே கொப்புளம் திரும்ப வரும்போதுதான் தெரியும்.

அவர் செய்ய வேண்டியது இரண்டு போன் கால். ஒன்று, கேப் போட நாள் குறிக்க. இன்னொன்று, சிகிச்சை முடிந்த அன்று எடுத்த எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்க. பிறகு போனில் ஒரு வருடத்துக்கு அப்புறம் அடிக்கிற மாதிரி ஒரு ரிமைண்டர். அப்போது அவர் நாகர்கோவிலில் இருந்தாலும் சரி, துபாயில் இருந்தாலும் சரி, எந்த டாக்டரும் இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து அந்தக் கருப்பு வட்டம் சுருங்கியதா இல்லையா என்று சொல்லிவிட முடியும்.